ஒன்பது பெயரோடு முடிந்த பட்டியல்

என் தங்கை மவுரீனுக்கு நாற்பத்திரண்டு வயது. ரவாங் பழைய டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனத்தில் பதினான்கு வருடமாக நிரல் எழுதுகிறாள். மாதா கோயிலில் யாராவது, "ஒங்க தங்கச்சி என்ன டீச்சர் பண்றாங்க?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அவள் விளக்கினால் எனக்குத் தூக்கம் வரும். முப்பத்தோரு வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான்; புதிதாக எதையும் மண்டையில் ஏற்றிக்கொள்ளும் ஆசை போய்விட்டது. இருந்தாலும் அவள் வேலையில் ஒரே ஒரு சங்கதி மட்டும் இப்போது எனக்கு நன்றாகப் புரியும். புரியாமலே இருந்திருக்கலாம்.

அவள் எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் எலியட் ரவாங்கில் ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் கார்டைத் தட்டிவிட்டு நாலடி நடந்து விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. மவுரீன் அழவில்லை. சவப்பெட்டியைப் பார்த்தபடி நின்றாள், வந்தவர்களுக்குக் கை கொடுத்தாள், யார் யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தாள். எட்டாவது நாள் வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் சித்தி அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார். நான் சித்தியோடு சண்டை போட்டேன். ஆனால் மனதுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான்.

பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கே அவளைக் கூட்டி வந்துவிட்டேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஒனக்கு ஒண்ணுமே தோணலயாடி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. தொட்டா கன்னம் இருக்குன்னு தெரியுது. அவ்ளோதான்" என்றாள். பிறகு, சாயங்காலம் மீன் வாங்க வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரண்டியை எறிந்திருப்பேன்.

மூன்று வருடமும் அப்படியேதான். காலையில் கார் எடுத்துப் போவாள், மாலையில் வருவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், துணி மடிப்பாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

அவள் நிறுவனம் பார்க்கும் வேலைகளில் ஒன்று, கோலசிலாங்கூர் பக்கத்தில் இருக்கும் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் கணினி முறை. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடக்க வேண்டும். போகாவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், ரத்தத்தில் நஞ்சு ஏறும். தோட்டப் பக்கத்து ஆட்களுக்கு வண்டி வசதி கிடையாது என்பதால் நிலையம் ஒரு வேன் விட்டிருந்தது. அன்றன்றைக்கு யார் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல், ஏறும் இடத்தின் வரிசைப்படி, அதிகாலையில் வேன் ஓட்டுநரின் கைப்பேசிக்குப் போகும். பட்டியலின் கடைசியில் 'செலெசாய்' என்று மலாயில் ஒரு வார்த்தை இருக்கும். முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பட்டியலைப் போடும் நிரலை எழுதியது மவுரீன்தான்.

வேன் ஓட்டுநர் பெயர் செல்வா. முப்பத்தைந்து வயசிருக்கும், பெரிய உடம்பு, குழந்தை முகம். ஆறு வருடமாக அந்த வேனை ஓட்டுகிறான். ஏற முடியாத கிழவிகளைக் கிட்டத்தட்டத் தூக்கியே உட்கார வைப்பான். அவன் கடைசியாக ஏற்றுவது ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில், சின்னம்மாவை. அறுபத்தெட்டு வயது, தனி ஆள். காலியாகிக்கொண்டிருக்கும் பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மிச்சம் இருந்த மூன்று குடும்பங்களில் அவரும் ஒருவர். மகள் புஷ்பா ரவாங்கில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறாள். சின்னம்மா காலையில் பெரிய ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார், வேன் டவுனுக்குப் போகிற வழியில் அவரை ஏற்றிக்கொள்ளும். செல்வாவுக்கு அவர் அத்தை முறை இல்லை, ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு சனிக்கிழமை சின்னம்மாவை வேன் ஏற்றவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் ரத்தம் சுத்தமாகவில்லை. அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. அதுவரை தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்து, உடைத்து உள்ளே போனார்கள்.

நிலையத்தில் விசாரித்தபோது, "என் லிஸ்ட்ல ஒன்பது பேருதான் இருந்துச்சு, அத்தை பேரு இல்ல" என்றான் செல்வா. ஆபீஸில் திரையைத் திறந்து பார்த்தார்கள். அன்றைய அட்டவணையில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொன்றாவது சின்னம்மா. அவன் கைப்பேசியிலோ அன்றைய பட்டியல் மட்டும்தான் இருக்கும். மறுநாள் பட்டியல் வந்ததும் பழையது போய்விடும். காட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை நீக்கக் கடிதம் தயாராகிறது என்று சொன்னார்கள்.

அது ஒரு பக்கம். சின்னம்மாவின் அடக்கத்துக்குச் செல்வா போயிருக்கிறான். புஷ்பா ஊரே பார்க்க அவன் சட்டையைப் பிடித்து, "எங்கம்மாவ ரோட்டுல விட்டுட்டுப் போனியே, நீ மனுசனா?" என்று கத்தி வெளியே தள்ளியிருக்கிறாள். பாடையில் கை வைக்கக்கூட விடவில்லை. புக்கிட் ரோத்தானிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் எல்லாக் கடையிலும் அதே பேச்சு. நானும் மீன் கடையில் கேட்டேன். கேட்டு, "அவனையெல்லாம் சும்மா விடக் கூடாது" என்று என் பங்குக்குச் சொல்லியும் விட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாவது நாள், அதாவது வெள்ளிக்கிழமை, நிலையத்திலிருந்து மவுரீனுக்கு ஒரு வேலை வந்தது. செல்வாவுக்குக் கொடுக்கப்போகும் கடிதத்தோடு இணைக்க, அந்தச் சனிக்கிழமை வேனுக்குப் போன பட்டியலின் நகல் வேண்டும். அவள் அந்தத் தேதியைக் கொடுத்து நிரலை மறுபடி ஓட்டினாள். ஒன்பது பெயர் வந்தது. அதற்குக் கீழே 'செலெசாய்'.

அட்டவணைப் பக்கத்தைத் திறந்தாள். பதினொன்று.

அவள் முதலாளி வாசு கெட்ட ஆள் இல்லை, பயந்த ஆள். நிலையத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. மவுரீன் போய்ச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டு, "அட்டவணைப் பக்கத்த பிரிண்ட் பண்ணி அனுப்பு. அது பொய் இல்லையே?" என்றாராம்.

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன லா?"

"வேனுக்குப் போனது அது இல்ல, பாஸ்."

"மவுரீன், அந்தம்மா திரும்பி வரப்போறாங்களா? நீ சத்தமில்லாம சரி பண்ணு. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

அவள் சரி என்று சொல்லிவிட்டுக் கீழே போய் நாசி லெமாக் சாப்பிட்டாள். மூன்று மணிக்குள் நிரலைச் சரி பண்ணிவிட்டாள். அட்டவணைப் பக்கத்தை மட்டும் அனுப்பவில்லை. சனிக்கிழமை வீட்டில் துணி மடித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சமையலறை மேசையில் ரெண்டு பேரும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னாள். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அந்த டிரைவர் சொல்றது நெஜம்க்கா. லிஸ்ட்ல ஒன்பது பேருதான் போயிருக்கு."

நான் நெத்திலியைக் கீழே வைத்தேன். "யாரு பண்ண வேல?"

"என் வேல."

எனக்குப் புரியவில்லை, கத்தினேன். பிறகு புரியும்படி சொல்லச் சொன்னேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன்.

நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் தரவுத்தளத்திடம், இன்றைக்கு வேனில் வருகிறவர்கள் யார் யார் என்று நிரல் கேட்கிறது. தரவுத்தளம் மொத்தப் பட்டியலையும் தூக்கிக் கொடுத்துவிடுவது கிடையாது. 'இருக்கிறது, கேள்' என்று சொல்லிவிட்டு, அடுத்து, அடுத்து என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகத்தான் எடுத்துக் கொடுக்கும். ஆகவே கோளாறு ரெண்டு இடத்தில் வரலாம். கேட்கும்போதே வரலாம், அல்லது கேட்டதெல்லாம் சரியாக நடந்து, வரிகள் வந்துகொண்டிருக்கும்போது பாதியில் வரலாம். முதல் இடத்தில் கோளாறு வந்தால் ஆபீஸுக்குத் தகவல் போகும்படி அவள் எழுதியிருந்தாள். ரெண்டாவது இடத்தில் வந்தால் அதைப் பிடிக்க மட்டும் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாள். அடுத்து, அடுத்து என்று கேட்கும் சுற்று நின்றுவிடும். நிரல் அடுத்த வேலைக்கு நகரும். அடுத்த வேலை, 'செலெசாய்' என்று எழுதுவது.

"அதாவது, பட்டியல் முடிஞ்சாலும் செலெசாய், பட்டியல் அறுந்தாலும் செலெசாய்" என்றேன்.

"ஆமா."

"வகுப்புல வருகைப் பதிவு எடுக்கும்போது பத்தாவது பேரு படிக்க முடியலன்னு புத்தகத்த மூடிட்டு, எல்லாரும் வந்தாச்சுன்னு எழுதறது மாதிரி."

"ஆமாக்கா. அதேதான்."

பத்தாவது பெயர் செல்லன் என்கிற ஒரு பெரியவர். வேறு நிலையத்திலிருந்து அந்த வாரம்தான் மாறி வந்தவர். எழுபத்துச் சொச்சம் வயது, தோட்டத்தில் பிறந்தவர். அடையாளக் கார்டில் எல்லோருக்கும் இருப்பது போல ஒரு தேதி இருக்கிறது. ஆனால் பழைய நிலையத்தின் நோயாளிக் கார்டு தோட்டத்து மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் பிறந்த நாளும் மாதமும் தெரியாத பிள்ளைகளுக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணி வருடத்தை மட்டும் எழுதி, மற்ற இரண்டுக்கும் சைபர் சைபர் போட்டுவிடுவார். அந்த சைபர் அப்படியே கார்டுக்குப் போய், கார்டிலிருந்து பழைய நிலையத்தின் கோப்புக்குப் போய், கோப்பிலிருந்து மொத்தமாக இங்கே ஏறிவிட்டது. சைபர் மாதத்து சைபர் தேதியை நிரலால் தேதியாக எடுக்க முடியவில்லை. அந்த வரியில் அறுந்தது. அவருக்குப் பின்னால் இருந்தது சின்னம்மா மட்டும்தான்.

வேன் இருப்பதே செல்லனுக்குத் தெரியாது. முதல் நாள் என்று மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் விட்டுவிட்டான். அதனால் பட்டியல் பழுதானது யாருக்கும் தெரியவில்லை. சின்னம்மா வராததைத் தாதிகள் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். அந்த நோயாளிகளுக்கு அது அடிக்கடி நடக்கிறதுதான்.

"அப்ப திரையில மட்டும் எப்படிப் பதினொண்ணு வந்துச்சு?"

"அதுவும் நான் எழுதினதுதான், அஞ்சு வருசம் முன்னாடி. அதுல ஒரு வரி கெட்டா அந்த எடத்துல தேதிய மட்டும் காலியா விட்டுட்டு அடுத்தத எடுக்கும். ஒழுங்கா எழுதியிருக்கேன். ஒரே கேள்விதான்க்கா. ஒரே பதில்தான். ரெண்டு எடத்துல ரெண்டு விதமா விட்டிருக்கேன்."

"இத எப்ப எழுதின?"

அவள் நெத்திலியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தேதி இருக்கு. எலியட் செத்து ஒன்பதாவது நாள்."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவள் வேலைக்குத் திரும்பிய மறுநாள்.

"எழுதினது ஞாபகமே இல்லக்கா. பக்கத்துல 'பிறகு பார்க்கவும்'னு என் பேரப் போட்டு வெச்சிருக்கேன். பிறகு பாக்கல."

நான் அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மீன் கடையில் நான் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது, வெட்கமாக இருந்தது. "இப்ப அந்தப் பையனுக்கு என்ன வழி?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றாள். அது உண்மைதான். அவனுக்காகச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வாசுவைக் கேட்காமலே நிலையத்துக்கு எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கும் காட்டினாள், மலாயில் ஆறே வரி. வேனுக்குப் போன பட்டியலில் ஒன்பது பெயர்தான் இருந்தது. நிரலில் இருந்த தவறே காரணம். நிரலை எழுதியது நான். ஓட்டுநர் சொன்னது சரி. இப்போது திரைக்கும் வேனுக்கும் ஒரே இடத்திலிருந்து வரிகள் எடுக்கப்படுகின்றன. படிக்க முடியாத வரி சிவப்பில் காட்டப்படும், மற்றவை தொடரும். எத்தனை வர வேண்டுமோ அத்தனை வராவிட்டால் பட்டியல் வெளியே போகாது, ஆபீஸுக்குத் தகவல் போகும். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது அவங்ககிட்ட கேக்க வேண்டியது இல்ல" என்றாள்.

வாசு ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. நிலையத்திலிருந்து, கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. வேலை நீக்கக் கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டது, அவ்வளவுதான். செல்வா வீட்டில்தான் இருந்தான். புஷ்பாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆபீஸ்காரர்கள் வக்கீலைக் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார்கள். கடைகளில் பேச்சு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சின்னம்மாவுக்குப் பதினாறாம் நாள் கருமக்கிரியை. எல்லோருக்கும் வசதியாக அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். அதோடு துக்கம் முடிந்தது என்று ஆகிவிடும், வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், செல்வாவின் கெட்ட பெயர் அப்படியே நின்றுவிடும். வியாழக்கிழமை மவுரீன் என்னிடம், "நான் போய் அந்த மகள்கிட்ட சொல்லணும். நீயும் வா. நான் சொல்றது அவங்களுக்குப் புரியலன்னா நீ சொல்லு. நீ டீச்சர்" என்றாள்.

"அடிச்சா?"

"அடிக்கட்டும்" என்றாள். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அடித்தாலும் அவளுக்குத் தெரியாது என்று எனக்குப் பட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. காலையில் ஆற்றங்கரையில் சடங்கை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். லயத்துக்கு முன்னால் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மரவள்ளிச் செடிக்குப் பக்கத்தில் சாம்பார் வாளி, அப்பளம். புஷ்பா பரிமாறிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. எங்களை நிலையத்து ஆட்கள் என்று நினைத்து முகத்தைச் சுளித்தாள்.

"உக்காருங்க, சாப்பிடுங்க" என்றாள், விருப்பமில்லாமல்.

"சாப்பிட வரல. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றாள் மவுரீன். புஷ்பா அவளை வீட்டுக்குள் கூப்பிட்டாள். "இல்ல, இங்கயே சொல்றேன். எல்லாரும் கேக்கணும்" என்றாள் இவள்.

மவுரீன் நின்றபடியே சொன்னாள். வேனுக்குப் போகும் பட்டியலை எழுதும் நிரல் தன்னுடையது, சின்னம்மாவின் பெயருக்கு முன்னால் ஒரு பெயரில் அது நின்றுவிட்டது, நின்றதை யாருக்கும் சொல்லாமல் முடிந்துவிட்டது என்று காட்டியது, அப்படி எழுதி வைத்தவள் தான்தான், செல்வா சொன்னது முழுக்க உண்மை. அவ்வளவுதான். நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"எந்தப் பேருல நின்னுச்சு?" என்று கேட்டாள் புஷ்பா.

"அது அவங்க தப்பு இல்ல. கேக்காதீங்க."

ரெண்டாவது வரிசையில் ஒல்லியான பெரியவர் ஒருவர், தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நோய்க்காரர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். பக்கத்தில் இருந்தவன் அவரைச் செல்லன் மாமா என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நான் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன்.

புஷ்பா மவுரீனை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கரண்டியை வாளியில் போட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே தன் புருசனிடம், "செல்வாவக் கூப்பிடுங்க. வந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பையன் அப்படிப் பண்ற ஆளு இல்ல" என்று ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது இவர் எங்கே போயிருந்தாரோ.

முக்கால் மணி நேரத்தில் செல்வா மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமல் தூரமாகவே நின்றான். புஷ்பா அவளாகவே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்து, இலையைப் போட்டாள். "லிஸ்ட்ல அம்மா பேரு இல்லயாம். இவங்க வந்து சொன்னாங்க. ஒன் மேல தப்பு இல்ல. என்ன மன்னிச்சிரு" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

அதோடு முடிந்தது, கிளம்பலாம் என்று நான் கார் சாவியை எடுத்தேன். நாங்கள் வந்த காரியம் ஆகிவிட்டது. ஆனால் செல்வா இலையில் கை வைக்கவில்லை.

"அக்கா, நான் அத்தையப் பாத்தேன்" என்றான்.

நான் சாவியை மறுபடி பைக்குள் போட்டேன்.

"வேன் ஏழாங்கட்டையத் தாண்டித்தானே போவணும். எப்பவும் போல அத்தை பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாங்க. லிஸ்ட்ல பேரு இல்ல. போன மாசம் பேரு இல்லாத ஒருத்தர ஏத்திட்டேன்னு எனக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. சரி, மத்தியான ஷிப்டுக்கு மாத்திருப்பாங்க, டவுனுக்குப் பஸ்ஸுக்கு நிக்கிறாங்கன்னு நெனச்சேன். நான் நிறுத்தல. கைய மட்டும் காட்டினேன். அவங்களும் கையக் காட்டினாங்க." அவன் பெரிய உடம்பு குலுங்கியது. "நிறுத்திக் கேட்டிருந்தா அரை நிமிசம் ஆயிருக்காது. லிஸ்ட் தப்பா இருக்கலாம். என் கண்ணு சரியாத்தானே இருந்துச்சு."

நான் மவுரீனைப் பார்த்தேன். அவள் செல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, பிடித்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னாலதான் நீங்க ஒங்க கண்ண நம்பல. நான் எழுதினத நம்பினீங்க" என்றாள் அவனிடம்.

"ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்றாள் புஷ்பா.

கத்தவில்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்து, செல்வாவுக்குப் போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ கையக் காட்டினது எனக்குத் தெரியும். பன்னெண்டு மணிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. இன்னும் ஸ்டாப்புலதான் உக்காந்திருக்கேன், வேன்ல ஆளு நெறைய போல, செல்வா பாத்துட்டான், கையக் காட்டிட்டுப் போனான், அவங்கள எறக்கிவிட்டுட்டு என்ன ஏத்தத் திரும்பி வருவான்னாங்க. எனக்குக் கல்லாவுல வரிசை நின்னுட்டு இருந்துச்சு."

அவள் புருசன், "புஷ்பா" என்றான். அவனுக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா, வருவான், அங்கயே இருங்கன்னு சொன்னது நான்தான்."